தலைப்பு வைத்தவர் மேடையில் இல்லை

காவிரிப்பூம்பட்டினத்தில் இந்திர விழா தொடங்க இருக்கிறது. முரசை யானையின் பிடரியில் ஏற்றிக்கொண்டு ஒருவன் ஊர் முழுக்க அறிவித்துப் போகிறான். தோரணம் கட்டுங்கள், பழைய மணலை மாற்றிப் புது மணல் பரப்புங்கள் என்று அடுக்கிக்கொண்டே வருகிறவன், கூடவே இதையும் சொல்கிறான்: ‘ஒட்டிய சமயத்து உறுபொருள் வாதிகள் பட்டிமண்டபத்துப் பாங்கறிந்து ஏறுமின்.’ வாதம் செய்ய வருகிறவர்கள் அந்த மண்டபத்தின் முறை தெரிந்து ஏற வேண்டும். அதை அடுத்து, ஒத்துவராதவர்களிடம்கூடக் கோபமும் கலகமும் வேண்டாம், விலகிப் போய்விடுங்கள் என்கிறான். மணிமேகலையின் விழாவறை காதையில் வருகிறது இது. 28 நாள் திருவிழாவுக்கான ஏற்பாடுகளில் மணல் பரப்புவதும் வாதம் செய்வதும் ஒரே பட்டியலில் இருக்கின்றன.

எங்கள் சிவகங்கைப் பக்கத்து ஊர்களில் அந்தப் பட்டியல் இன்னும் பெரிதாக மாறிவிடவில்லை. கரகாட்டம் ஒரு நாள், இன்னிசைக் கச்சேரி ஒரு நாள், பட்டிமன்றம் ஒரு நாள். வாரத்தில் ஐந்து நாள் வங்கியில் உட்கார்ந்திருக்கும் நான், சனி ஞாயிறுகளில் இந்த மேடைகளில் பேசப் போகிறேன். பெரிய பேச்சாளன் இல்லை. அணியில் இரண்டாவதாகப் பேசுகிறவன். முதலில் பேசுகிறவர் களத்தைப் பிடிப்பார், கடைசியில் பேசுகிறவர் கைதட்டலை அள்ளுவார். இரண்டாமவருக்குக் கூட்டம் டீ குடிக்க எழுந்து போகும் நேரம்தான் கிடைக்கும். அந்த இடத்திலிருந்து பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

எதையும் ‘இதுவா? அதுவா?’ என்று இரண்டாகப் பிளந்து பார்க்கும் புத்தியை இப்போது எல்லோரும் திட்டுகிறார்கள். தொலைக்காட்சி விவாதங்கள் கெட்டுப்போனதற்கும், குடும்ப வாட்ஸ்அப் குழுக்கள் உடைந்துபோனதற்கும் பட்டிமன்றம்தான் விதை போட்டது என்று என் நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பட்டிமன்றத்தை உள்ளிருந்து பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். அங்கே யாரும் தன் அணியைத் தானாகத் தேர்ந்தெடுப்பதில்லை. யாருக்கு எந்தப் பக்கம் என்பது சில நேரங்களில் வேனில் போகும்போதுதான் முடிவாகும். போன வாரம் மானாமதுரையில் பணத்துக்காகப் பேசிவிட்டேன், இன்றைக்குக் குணத்தைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. கொள்கையே இல்லாத கூட்டம் என்று வெளியில் கேலி பேசுவார்கள். எனக்கு அதுதான் இந்தக் கலையின் மேன்மை. ஒரே மாதத்தில் இரண்டு பக்கமும் பேசுகிறவனுக்கு எதிரணியின் மிக நல்ல வாதம் எது என்று தெரியாமல் இருக்க முடியாது, ஏனென்றால் போன வாரம் அது அவனுடைய வாதமாக இருந்தது. மணி அடித்த பிறகு எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பொன்னாடை, ஒரே வேன், வழியில் ஒரே கடையில் புரோட்டா. தோற்ற அணிக்குச் சம்பளம் குறைவதில்லை.

மேடையில் இரண்டு அணிகளும் கண்ணுக்குத் தெரிகின்றன. நடுவர் நடுவில் இருக்கிறார், அவர் சாய்ந்தால் கூட்டம் கண்டுபிடித்துவிடும். கண்ணுக்குத் தெரியாதவர் ஒருவர்தான். தலைப்பு வைத்தவர்.

காரைக்குடியில் சா. கணேசன் 1939-இல் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். இன்றைய பட்டிமன்றத்துக்கு மெருகு ஏறியது பெரும்பாலும் கம்பன் விழா மேடைகளில்தான். குன்றக்குடி அடிகளார் நடுவராக அமர்ந்த காலத்தில் தலைப்புகள் காப்பியத்திலிருந்து வந்தன. கும்பகருணனா வீடணனா, பரதனா இலக்குவனா என்ற வகை. பேசுகிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் பாட்டுத் தெரிந்திருக்க வேண்டும். பிறகு மதுரை அமெரிக்கன் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியர் சாலமன் பாப்பையா அதைக் குடும்பத்துக்குள் கொண்டுவந்தார். 1993-இல் சன் டிவி வந்த பின், தீபாவளிக் காலை என்றால் எண்ணெய்க் குளியல், இட்லி, பட்டிமன்றம் என்று ஆயிற்று. கணவனா மனைவியா, மாமியாரா மருமகளா என்று தலைப்பு இறங்கியது. இறங்கியது என்று நான் எழுதினாலும், அடுப்படியில் நின்றபடி பெண்கள் சிரித்துக் கேட்ட முதல் இலக்கிய மேடை அதுதான் என்பதையும் சொல்ல வேண்டும். 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

பழைய தலைப்புகளிலேயே நிரந்தரமானது வாலி வதம். இராமன் மறைந்து நின்று அம்பு விட்டது சரியா, தவறா? எத்தனை முறை பேசினாலும் கூட்டம் உட்கார்ந்து கேட்கும். கம்பனின் வாலி, மார்பில் பாய்ந்த அம்பைப் பிடித்து இழுத்து, அதில் இருக்கும் இராமன் பெயரைப் படிக்கிறான். பிறகு கேள்வி மேல் கேள்வியாகக் கேட்கிறான். இராமன் பதில் சொல்கிறான். தம்பியின் மனைவியைக் கவர்ந்தாய் என்கிறான், முறை தவறினாய் என்கிறான். ஆனால் ஏன் மறைந்து நின்றாய் என்ற கேள்விக்கு நேரான பதில் வருவது இராமனின் வாயிலிருந்து இல்லை. இலக்குவன்தான் சொல்கிறான்: உன் தம்பி முன்னாலேயே வந்து சரண் அடைந்துவிட்டான், உன்னைக் கொல்வதாக அவனுக்கு வாக்கும் கொடுத்தாயிற்று, நேரில் நின்றால் நீயும் உயிருக்கு ஆசைப்பட்டு அடைக்கலம் என்று வந்துவிடலாம், அதை எண்ணித்தான் அண்ணன் மறைந்து நின்றான். இந்தப் பதில் போதுமா போதாதா என்பதில்தான் இரண்டு அணிகளின் முழு நேரமும் போகும்.

பாட்டு அங்கே நிற்பதில்லை. இலக்குவன் சொன்னதை மனத்தில் வாங்கிக்கொண்ட வாலி தன் வழக்கை விட்டுவிட்டுத் தம்பியின் வழக்கை எடுத்துக்கொள்கிறான். ‘பூவியல் நறவம் மாந்திப் புந்தி வேறுற்ற போழ்தில்’ என்ற அடி வரும் பாட்டு. கள்ளைக் குடித்துப் புத்தி தடுமாறி என் தம்பி ஏதாவது தீமை செய்தாலும், என் மேல் ஏவிய இந்த அம்பை அவன் மேல் ஏவிவிடாதே. தன்னைக் கொல்ல ஆள் கூட்டிவந்த தம்பிக்காக இதைக் கேட்கிறான். பின்னால் சுக்கிரீவன் கொடுத்த வாக்கை மறந்து கள்ளில் மூழ்கிக் கிடப்பான், இலக்குவன் கோபத்தோடு கிட்கிந்தைக்குப் போவான் என்பதெல்லாம் தெரிந்து இந்தப் பாட்டைப் படித்தால் தொண்டை அடைக்கும். சரியா தவறா என்ற தலைப்பில் இந்தப் பாட்டை எந்த அணியில் உட்கார வைப்பது? நானும் எத்தனையோ பேரைக் கேட்டிருக்கிறேன், யாரும் இதை எடுத்துப் பேசுவதில்லை. எடுத்தால் தலைப்பை விட்டு விலகுகிறார் என்று நடுவர் மணியடிப்பார். கதையில் மிகப் பெரிய இடம் தலைப்புக்கு வெளியே விழுந்து கிடக்கிறது.

இன்னொரு மேடையைச் சொல்கிறேன். தலைப்பு, ‘மகிழ்ச்சி பொங்குவது கிராமத்திலா? நகரத்திலா?’ கிராம அணித் தலைவர் ஓய்வு பெற்ற ஆசிரியர், வெண்கலக் குரல். நகரத்தில் பக்கத்து வீட்டுக்காரன் செத்தாலும் தெரியாது, கிராமத்தில் குழம்பு இல்லையென்றால் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போகலாம் என்றார். பலத்த கைதட்டல். நகர அணியில் பேச எழுந்த பெண், ஒரு கல்லூரி ஆசிரியை, ஒரே வாக்கியம்தான் சொன்னார்: கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு யார் எந்த வீட்டுக்குப் போகலாம் என்பதையும் ஐயா சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். பந்தலின் நடுவில் சத்தமே இல்லை. கைதட்டல் வந்தது பின்னால் ஒரு மூலையிலிருந்து மட்டும், அதுவும் நிற்காமல் வந்தது. நடுவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நேரம் கருதி அடுத்த பேச்சாளரை அழைத்தார்.

அந்த மூலைக்குத் தெரிந்தது தலைப்பில் இல்லை. கிராமமா நகரமா என்று கேட்டவர், எல்லாச் சாதிக்கும் ஒரே கிராமம் இருப்பதாக எடுத்துக்கொண்டுவிட்டார். காந்தி கிராமத்தை வைத்து நாட்டைக் கனவு கண்டார். அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையிலேயே கிராமத்தைக் குறுகிய மனமும் வகுப்புவாதமும் தேங்கும் இடம் என்று கடுமையாகச் சாடினார். அதையும் இன்றைக்கு ‘காந்தியா? அம்பேத்கரா?’ என்று தலைப்பாக்கிவிட்டார்கள். இரண்டு பேரும் பார்த்த தெரு வேறு என்பது அந்தத் தலைப்பில் வராது.

மேடையில் இது வேடிக்கை. பத்தரை மணிக்கு முடிந்துவிடும். வீட்டுக்குள் வந்தால்தான் சிக்கல்.

அப்பா இறந்து காரியம் முடிந்த அன்று, பந்திப் பாயைச் சுருட்டும் முன்பே தாய்மாமா கேட்டார்: சரி மாப்பிள்ளை, அக்காவை யார் கூட்டிக்கொண்டு போகிறீர்கள்? அண்ணன் கோவையில், நான் மதுரையில், தங்கை சென்னையில். அந்த நொடியில் அணி பிரிந்தது. அம்மா நகரத்துக்கு வரவேண்டும் என்று அண்ணனும் தங்கையும். வீட்டையும் மாட்டையும் விட்டு அவர் எப்படி வருவார், ஊரிலேயே இருக்கட்டும் என்று நான். எல்லோரும் நன்றாகவே பேசினோம், எனக்குத்தான் பயிற்சி அதிகம். ஆஸ்பத்திரி தூரம், தனிமை, வயது என்று அவர்கள். அடுக்குமாடி வீட்டில் நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் கிழவிகளின் கதையை நான். மாமா நடுவராக உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அம்மா தூணோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்தப் பேச்சு மாதக்கணக்கில் ஃபோனில் ஓடியது. அதை நிறுத்தியது வாதம் இல்லை. தங்கை ஒருமுறை வந்து அம்மாவுடன் சில நாள் தங்கிவிட்டுப் போனாள். அம்மாவுக்குப் பகலில் ஒரு குறையும் இல்லை என்பதைக் கண்டாள். மாடு, தோட்டம், மதியம் திண்ணையில் நாலு பெண்கள். இருட்டிய பிறகுதான் அம்மாவுக்குச் சங்கடம். கழிப்பறை வீட்டுக்குப் பின்னால், நான்கு படி இறங்கிப் போக வேண்டும். அப்பா இருந்தவரை அவர் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்பார். இப்போது அம்மா இரவில் தண்ணீரே குடிப்பதில்லை. யாரோடு இருப்பது என்பதல்ல, ராத்திரியில் நாலு படி இறங்குவது எப்படி என்பதுதான் அவருடைய கேள்வி. எங்களில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை, ஏனென்றால் தலைப்பு வேறாக இருந்தது. அடுக்களையை ஒட்டிக் கழிப்பறை கட்டினோம். நர்சிங் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண் இரவில் வந்து படுத்துக்கொள்கிறாள், அவளுக்கும் படிக்க அமைதியான இடம். அடைமழை மாதங்களில் அம்மா சென்னையில் இருக்கிறார், பொங்கலுக்கு முன்னால் கிளம்பிவிடுகிறார். இது எத்தனை நாளுக்கு ஓடும் என்று எனக்குத் தெரியாது. மாமாவுக்கு மட்டும் இன்னும் திருப்தி இல்லை. கடைசியில் யார்தான் அக்காவை வைத்துக்கொள்கிறீர்கள் என்று கல்யாண வீடுகளில் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மாமா கெட்டவர் இல்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வியில் அம்மா தூக்கிக்கொண்டு போகிற பொருளாக இருந்தார். ‘இதுவா அதுவா’ என்ற கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது. முடிவெடுக்கிறவனுக்கு வசதியாக இரண்டு கதவு வைக்கிறோம். வாழப்போகிறவர் எங்கே நிற்கிறார் என்று பார்ப்பதில்லை. பதினோராம் வகுப்பில் பயாலஜியா கம்ப்யூட்டரா என்று பிள்ளையைக் கேட்கும் அப்பாக்களும் இதைத்தான் செய்கிறார்கள். அதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் விடுகிறேன்.

ஊரளவில் இதைவிடப் பெரிய பாடம் கோயம்புத்தூருக்குப் பக்கத்தில், மலைக்கு அந்தப் புறம் இருக்கிறது. பாலக்காட்டு மாவட்டத்து அமைதிப் பள்ளத்தாக்கு. குந்திப்புழை ஆற்றில் சைரந்திரி என்ற இடத்தில் அணை கட்டி மின்சாரம் எடுக்கக் கேரள மின்வாரியம் 1970-களில் திட்டம் போட்டது. 830 ஹெக்டேர் அளவுக்குக் காடு மூழ்கும். அந்தக் காட்டில் சிங்கவால் குரங்கு இருந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் தலைப்புத் தயாராகிவிட்டது: மனிதனா? குரங்கா? இந்தத் தலைப்பில் குரங்குக்காகப் பேசுகிறவன் தோற்றுத்தான் ஆகவேண்டும். வட கேரளத்து மலபார் பகுதியில் மின்சாரத் தட்டுப்பாடு உண்மை. விளக்கில்லாத வீட்டுக்காரனிடம் போய்க் குரங்கின் அருமையை எப்படிச் சொல்வது?

கேரளத்தின் மக்கள் அறிவியல் இயக்கமான சாஸ்திர சாகித்ய பரிஷத் செய்த காரியம் இங்கேதான் எனக்குப் பிடிக்கிறது. தாவரவியல் பேராசிரியர் எம்.கே. பிரசாத் காட்டைப் பற்றி எழுதினார். கவிஞர் சுகதகுமாரி மரத்தைப் பாடினார். அவையெல்லாம் வேண்டியவைதான். ஆனால் பரிஷத் அமைத்த குழுவில் தாவரவியலாளரோடு பொறியாளரும் பொருளியலாளரும் இருந்தார்கள். அவர்கள் குரங்கணியில் உட்காரவில்லை. மலபாருக்கு மின்சாரம் வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டார்கள். அதற்கு இந்த அணைதான் வழியா, வேறு எந்த வழிகளில் அந்த மின்சாரம் வரும் என்று கணக்குப் போட்டார்கள். அந்தக் கேள்வி மேடைக்கு வந்ததும் மனிதனும் குரங்கும் எதிரெதிர் மேசையில் உட்கார வேண்டிய அவசியம் குறைந்தது. திட்டம் 1983-இல் கைவிடப்பட்டது. 1984-இல் தேசியப் பூங்கா அறிவிப்பு, 1985-இல் ராஜீவ் காந்தி திறந்துவைத்தார்.

இடையில் 1980-இல் ஒரு கூத்து நடந்தது. அணை வரும் பகுதியை மட்டும் ஒதுக்கிவிட்டு, மீதிக் காட்டைத் தேசியப் பூங்கா என்று மாநில அரசு அறிவித்தது. காடும் உண்டு, அணையும் உண்டு, இரு தரப்பும் வாழ்க! இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சில நடுவர்கள் நினைவுக்கு வருவார்கள். இரண்டரை மணி நேரம் கேட்டுவிட்டு, பணமும் குணமும் வாழ்க்கையின் இரு கண்கள் என்று தீர்ப்புச் சொல்லி மாலையை வாங்கிக்கொண்டு போகிறவர்கள். எனக்கு அவர்கள் மேல் உள்ள எரிச்சல் அளவில்லாதது. இரட்டைப் புத்திக்கு மருந்து நடுவில் போய் உட்காருவது என்று ஒரு நினைப்பு படித்தவர்களிடம் பரவியிருக்கிறது. தப்பான இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் கோடு போட்டால் நடுப்புள்ளியும் தப்பாகத்தான் இருக்கும். பரிஷத்துக்காரர்கள் நடுவில் நிற்கவில்லை. அணை வேண்டாம் என்று ஒரு பக்கம் தெளிவாக நின்றார்கள். கேள்வியைத் திருத்திவிட்டு நின்றார்கள்.

மணிமேகலையும் அப்படித்தான். வஞ்சி நகரத்தில் அவள் கேட்பது இரண்டு அணிகளை அல்ல. அளவைவாதியில் தொடங்கிப் பூதவாதி வரை பத்துப் பேர், ஒருவர் பின் ஒருவராகத் தத்தம் சமயத்தைச் சொல்கிறார்கள். பெரும்பாலும் அவள் வாய் திறப்பதில்லை. காண்பது மட்டும்தான் உண்மை என்ற பூதவாதியிடம் மட்டும் சிரித்துவிட்டு, உன் தாய் தந்தையரை எப்படி அறிந்தாய் என்று கேட்கிறாள். ஊகத்தால் அல்லாமல் வேறு எப்படி? பத்துப் பேரையும் கேட்டவள், பத்திலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொண்டு கிளம்பவில்லை. காஞ்சிக்குப் போகிறாள், அறவண அடிகளைக் கண்டு புத்த தருமத்தைக் கேட்கிறாள், அதில் நிற்கிறாள்.

இரண்டே வழி இருக்கும் இடங்களும் உண்டு. படிவத்தை நீட்டி ஆபரேஷனுக்குச் சம்மதமா என்று கேட்கும் டாக்டரிடம் தத்துவம் பேச முடியாது. நீதிமன்றத்தில் குற்றவாளி அல்லது குற்றவாளி இல்லை, நடுவில் நாற்காலி கிடையாது. வங்கியில் கடன் கோப்பில் நான் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் திருப்பி அனுப்ப வேண்டும். அங்கெல்லாம் இரண்டு என்பது கெடு வைத்த ஒரு வேலைக்காக வந்தது, அந்த வேலை முடிந்ததும் போய்விடும். என் மனக்கசப்பெல்லாம் கெடுவே இல்லாத விஷயங்களில் இரண்டு மேசையைப் போட்டு, ஆயுளுக்கும் ஒரு மேசையில் உட்கார்ந்திருப்பதைப் பற்றித்தான். மேடைப் பேச்சாளனுக்கு மணியடிக்க ஆள் இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் யார் அடிப்பது?

இந்த ஆடியில் எங்கள் ஊர் அம்மன் கோவில் திருவிழாவுக்கு ஏற்பாடு நடக்கிறது. ‘கிராமமா? நகரமா?’ என்ற தலைப்பு எப்படி இருக்கிறது என்று அபிப்பிராயம் கேட்டு விழாக் கமிட்டிச் செயலாளர் ஃபோன் செய்தார். சின்னப் பையன், வேகமானவன். இதற்குப் பதிலாக, ‘திருவிழாவுக்கு வந்தவர்கள் மறுநாள் முதல் பஸ்ஸிலேயே கிளம்பிவிடுகிறார்களே, ஏன்?’ என்று வைக்கலாமே என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அண்ணே, இதில் யார் எந்தப் பக்கம் உட்காருவது என்று கேட்டான். எல்லோரும் ஒரே வரிசையில் உட்காரலாமே என்றேன். அதற்கு நடுவர் எதற்கு, அவருக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்றே என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நோட்டீஸும் அச்சுக்குப் போய்விட்டதாம். மறுபடியும் கிராமமா நகரமாதான், எனக்கு நகரம். அந்தக் கல்லூரி ஆசிரியையிடம் கேட்டு, கிண்ணத்தைப் பற்றி அவர் சொன்ன வாக்கியத்தை, அவர் பெயரைச் சொல்லியே, பேசப் போகிறேன்.